படிப்பும் நடக்கட்டும், தொழிலும் தொடங்கட்டும்

படிக்கும்போதே தொழில் என்றால் மேடையில் முதலில் வருகிற பெயர் மைக்கேல் டெல். 1984-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் 1,000 டாலர் முதலீட்டில் கணினி வியாபாரம் தொடங்கியவர், முதலாம் ஆண்டோடு படிப்பை விட்டார். பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரிக் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வரும் பிள்ளைக்கு இந்தக் கதை உதவாது. இந்தப் பிள்ளைக்குப் பட்டமே ஒரு முதலீடு. 25 சதவீத மானியத்துடன் கடன் தரும் தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டத்துக்கும் வயது 21 ஆகியிருக்க வேண்டும், அதற்குள் படிப்பை முடித்துவிடலாம்.

அதற்காகப் பட்டம் வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. சுதேசித் தொழிலுக்காக முழங்கி 1908-ல் சிறை சென்ற சுப்பிரமணிய சிவா, 1925-ல் கண்மூடிய ஊர் பாப்பாரப்பட்டி. சொந்தத் தொழில் இந்த மண்ணுக்குப் புதிய பேச்சல்ல.

சரக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. கேழ்வரகும் சாமையும் விளையும் மாவட்டம். ரேஷனில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் திட்டத்துக்கு 2023-ல் நீலகிரியோடு தேர்வானதும் தருமபுரிதான். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் பாப்பாரப்பட்டியிலேயே இருக்கிறது. சென்னைக்குப் போய்க் கேட்க வேண்டிய யோசனையை இங்கேயே கேட்கலாம். சிறுதொழிலுக்கான ‘உத்யம்’ பதிவுக்குக் கட்டணம் கிடையாது. உணவுப் பொருளென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் தேவை.

சிக்கல் சரக்கில் இல்லை, பணம் திரும்பும் வேகத்தில் இருக்கிறது. மளிகைக் கடைக்காரர் மாவுப் பாக்கெட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, “வித்ததும் காசு தரேன் தம்பி” என்பார். பத்துக் கடைக்கு அப்படிக் கொடுத்தால் கையிருப்பு முழுதும் அலமாரிகளில் உட்கார்ந்துவிடும். செமஸ்டர் கட்டணத்துக்கு அப்பா கொடுத்த பணம் அதில் கலந்திருந்தால் படிப்பும் சேர்ந்து ஆடும். தவிடு நீக்காத சாமை அரிசியும் கேழ்வரகு மாவும் வெகுநாள் தாங்காது. சிக்கு வாடை வந்துவிடும். ஆகவே முன்பணத்தோடு ஆர்டர் பிடித்து, அந்த அளவுக்கு மட்டும் அரைத்துக் கொடுப்பதே மாணவருக்கு ஏற்ற வழி. தேர்வு மாதத்தில் ஆர்டர் எடுக்காமல் நிறுத்தினாலும் நஷ்டம் வராது. கல்லூரிக் கணக்கும் கடைக் கணக்கும் தனித்தனி நோட்டில் இருக்கட்டும்.

பணத்துக்கு அடுத்த சிக்கல் நேரம். சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்களுக்கென்றே புத்தாக்க மையமும், தொழில் யோசனைகளை வளர்த்தெடுக்க ‘நிர்மான்’ அமைப்பும் உண்டு. தொழிற்சாலைக் குழாய்களின் பழுதைக் கண்டறியும் ‘டிடெக்ட் டெக்னாலஜிஸ்’ அந்த வளாகத்து மாணவர்களிடமிருந்து வளர்ந்த நிறுவனம். விடுதியும் ஆய்வுக்கூடமும் ஒரே வளாகத்தில் இருப்பவர்களுக்கு நேரம் மிச்சமாகிறது. நம் பிள்ளைக்கு நேரம் பேருந்திலேயே கரைகிறது. மிச்சத்தை வருகைப்பதிவு பிடித்துக்கொள்கிறது.

இதற்கு வழி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை, தொழில் நடத்தும் மாணவர்கள் வருகை குறைந்தாலும் உரிய அனுமதியோடு தேர்வெழுதலாம் என்கிறது. ஒரு செமஸ்டரோ ஓராண்டோ இடைவெளி எடுத்துத் திரும்பவும், தொழிலையே புராஜெக்டாகக் காட்டி மதிப்பெண் பெறவும் இடம் தருகிறது. இது வழிகாட்டுதல்தான், கல்லூரி ஏற்றுக்கொண்டால்தான் மாணவருக்குப் பயன்படும்.

தருமபுரி மாவட்டக் கல்லூரி முதல்வர்களே, அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் இந்த விதிகளைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அனுமதி கேட்டு வரும் மாணவர் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.