எலியின் சினைப்பையில் முடிவாகும் எல்லைத் தோட்டங்களின் பாதுகாப்பு

புது தில்லி: தேனி மாவட்டம் கம்பம், போடி பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோரில் கணிசமானோர் பெண்கள். அங்கே தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லிக்கு அனுமதி தருவதோ, தில்லியை அடுத்த பரீதாபாதில் இயங்கும் மத்திய பூச்சிக்கொல்லிப் பதிவுக் குழு. அதன் முன் வைக்கப்படும் ஆவணங்களில் முக்கியமான பகுதி எலிகளைப் பற்றியது.

புற்றுநோய் அபாயத்தை அறிய, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எலிகளுக்கு மருந்து கலந்த உணவு தரப்படுகிறது. பின்னர் உறுப்புகள் மெல்லிய சீவல்களாக்கப்பட்டு நுண்ணோக்கியில் பார்க்கப்படுகின்றன. சினைப்பையில் செல்கள் பெருகியிருந்தால், அது வெறும் மிகைப்பெருக்கமா, கட்டியா என்று நோய்க்குறியியல் நிபுணர் தீர்மானிக்க வேண்டும். கட்டி என்றால் புற்றுநோய்க் கணக்கில் சேரும். மிகைப்பெருக்கம் என்றால் சேராது.

சொல்வதற்கு எளிது, பிரிப்பதுதான் கடினம். மிகைப்பெருக்கத்தில் செல்களின் எண்ணிக்கை கூடினாலும் சினைப்பையின் இயல்பான அமைப்பு பெரிதும் குலைவதில்லை. கட்டியோ பெரிதாக வளர்ந்து, அருகிலுள்ள திசுவை நெருக்கித் தள்ளும். ஆனால் முதலாவது இரண்டாவதாக மாறக்கூடியது. 1944-இல் அமெரிக்காவில் பிஸ்கிண்ட் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள், எலியின் சினைப்பையை அதன் மண்ணீரலில் பொருத்தினர். அது சுரந்த ஈஸ்ட்ரோஜன் நேரே கல்லீரலுக்குச் சென்று செயலிழந்தது. போதிய ஹார்மோன் இல்லை என்று கருதிய பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையை ஓயாமல் தூண்ட, நாளடைவில் அங்கே கட்டி உருவானது. தொடர்ந்து செல்லும் இப்பாதையில் எந்த இடத்தில் கோடு போடுவது என்பதில் இரு நிபுணர்கள் வேறுபட இடமுண்டு. இதனாலேயே அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டத்தில், ஒருவர் பார்த்த சீவல்களை இன்னொருவர் சரிபார்த்து, ஐயமானவற்றை நிபுணர் குழு முடிவு செய்கிறது.

இது ஏட்டுச் சர்ச்சை அல்ல என்பதற்கு எண்டோசல்பான் சான்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பெண் எலிகளில் அது புற்றுநோய் உண்டாக்கவில்லை என்றது. ஆண் எலிகளோ பெருமளவில் முன்னதாகவே இறந்துவிட்டதால் அவற்றைப் பற்றி முடிவு கூற இயலவில்லை. சிறுநீரக பாதிப்பும் விதைப்பைச் சுருக்கமும் அதே அறிக்கையில் பதிவாகியுள்ளன. 1981-இல் மெல்வின் ரூபர் என்ற நோய்க்குறியியல் நிபுணர் அந்த ஆய்வை மறுபரிசீலனை செய்து, எண்டோசல்பான் புற்றுநோய் உண்டாக்கும் என்று எழுதினார். எலிகள் அவையே, தீர்ப்பு மட்டும் வேறு. முடிவு கூற இயலவில்லை என்பதற்கும் ஆபத்தில்லை என்பதற்கும் உள்ள தூரம், வாத மேடைகளில் எளிதில் மறைந்துவிடுகிறது.

கேரளத்தில் எண்டோசல்பான் பயன்பாட்டை 2005-இல் மத்திய அரசு தடுத்தது. தமிழகத்தில் தடை இல்லாததால், பாலக்காடு மாவட்டம் முதலமடையின் மாந்தோப்புகளுக்கும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கும் எல்லை வழியே அது கடத்தப்படுவதாகப் புகார்கள் தொடர்ந்தன. சோதனைச் சாவடிக்கு இருபுறமும் ஒரே மலை, ஒரே கூலியாட்கள். சட்டம் மட்டும் இரண்டு. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை மாநாடு உலகளாவிய தடைப் பட்டியலில் இதைச் சேர்த்தது. மே 13-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்தது.

பூச்சிக்கொல்லிகளை நெறிப்படுத்த 1968-இல் இயற்றப்பட்ட சட்டத்துக்குப் பதிலாக 2008-இலும் 2020-இலும் மாநிலங்களவையில் மசோதாக்கள் அறிமுகமாயின. பிந்தையது நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. எலியின் சீவல்களை இரண்டாவது நிபுணர் பார்க்க வேண்டுமா என்பது போன்ற கேள்விகள் அவை விவாதங்களில் தலைப்புச் செய்தியாவதில்லை.

எண்டோசல்பானால் பாதிக்கப்பட்டவர்களுக்கு தலா ரூ.5 லட்சம் வழங்குமாறு 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் தொகை பலரைச் சென்றடையாததால், 2022 மே மாதம் கேரள அரசை நீதிமன்றம் கடிந்துகொண்டது. அந்தப் பயனாளிகள் பட்டியல் காசர்கோடு மாவட்டத்தை மையமாகக் கொண்டது.