திரையில் தெரியும் 'வரிசை' நிஜமா? பங்கு சந்தையில் இறங்குபவர்கள் உஷார்!

பங்கு சந்தையில் காலை 9.15 மணிக்கு வியாபாரம் தொடங்கியதும் செல்போனும் கையுமாக உட்கார்ந்து விடுபவர்கள் அதிகம். "வாங்குறதுக்கு வரிசை கட்டி நிக்கிறாங்க, விலை ஏறப்போகுது" என்று பணத்தை போட்டு விடுகிறார்கள். அந்த வரிசையை நம்பலாமா?

பேரம்தான் விலை

கோயம்பேடு மார்க்கெட்டில் வியாபாரி "கிலோ 40" என்பார். வாங்குபவர் "38-க்கு குடுங்க" என்பார். இருவரும் ஒரே விலைக்கு வந்தால் வியாபாரம் முடிந்தது. பங்கு சந்தையிலும் இதே கதைதான். ஒரே விலையில் பலர் நின்றால் முதலில் வந்தவருக்கு முதலிடம். வாங்க, விற்க நிற்பவர்களின் சிறந்த 5 விலைகள் பொதுவாக செல்போனில் தெரியும்.

தரையும் கூரையும்

ஒரு பங்கு ரூ.100-க்கு இறங்கும் போதெல்லாம் வாங்க ஆள் வந்து விலை திரும்பினால் அது தரை. ரூ.110-ஐ தொடும் போதெல்லாம் விற்பவர்கள் குவிந்தால் அது கூரை. விற்க வந்ததெல்லாம் தீர்ந்து போனால் கூரை உடைந்து விலை மேலே போகும். ஆனால் இது பழைய விலையை வைத்து போடும் கணக்கு. கேரண்டி கிடையாது.

மாயமாகும் ஆர்டர்

வரிசையில் நிற்கும் ஆர்டரை வியாபாரம் முடியும் முன் ரத்து செய்து விடலாம். இங்கேதான் தில்லுமுல்லு நடக்கிறது. வாங்கவோ விற்கவோ எண்ணமே இல்லாமல் பெரிய ஆர்டரை காட்டி, மற்றவர்கள் மிரண்டதும் ரத்து செய்வார்கள். இதற்கு 'ஸ்பூபிங்' என்று பெயர். இது குற்றம்.

லண்டனில் பெற்றோர் வீட்டில் இருந்தே அமெரிக்க சந்தையை இப்படி ஆட்டிப்பார்த்தவர் நவீந்தர் சிங் சராவ். 2010-ம் ஆண்டு மே 6-ந்தேதி அமெரிக்காவின் டோ ஜோன்ஸ் குறியீடு ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 1,000 புள்ளிகள் சரிந்தது. அன்றும் அவர் பொய் ஆர்டர்களை போட்டிருந்தார். 2015-ல் கைதான அவர் 2016-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

எதை பார்ப்பது?

நிற்கும் ஆர்டரை விட கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையே முக்கியம். விலை ஏறும்போது அதுவும் கூடினால் அலையில் பலம் இருக்கிறது. விலை ஏறியும் அது சுருங்கினால் அலை ஓயலாம்.

100-க்கு 93 பேர்

இதெல்லாம் தெரிந்தாலும் லாபம் நிச்சயம் இல்லை. 'எப் அண்ட் ஓ' எனப்படும் முன்பேர வியாபாரத்தில் 2021-22 முதல் 2023-24 வரையிலான 3 நிதியாண்டுகளில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டதாக செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சராசரி நஷ்டம் ஆளுக்கு சுமார் ரூ.2 லட்சம்.

வட்டிக்கு வாங்கிய பணத்தையும், பிள்ளைகளின் பள்ளி கட்டணத்தையும் இந்த அலையில் விடாமல் இருப்பதே நல்லது.