சுவருக்குள் மறையும் குழாய்கள்

விவேக் நகரில் இருபதுக்கு முப்பது அடி மனைகளில் இருந்த பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் போய், மாடிக் கட்டடங்கள் எழுந்து வருகின்றன. கட்டுபவர்களில் நம்மவர்களும் கணிசமாக உண்டு. ரயில்வேயில் ஒர்க்ஸ் பிரிவில் இருந்து, ஊழியர் குடியிருப்புகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் குளியலறைச் சாமான்கள் வாங்குமுன் சிலர் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். அவர்கள் காட்டும் படம் ஏறக்குறைய ஒன்றுதான்: வெள்ளைச் சுவர், அதிலிருந்து நீளும் மெல்லிய குழாய், சுவரில் தொங்கும் கழிவறைக் கோப்பை. வேறெதுவும் கண்ணில் படக் கூடாது.

நான் இதற்கு எதிரி அல்ல. சின்ன வீட்டுக்கு அலங்காரமில்லாத சாமான்களே பொருத்தம். இடம் அடைக்காது, துடைப்பதும் சுலபம். ஆனால் பார்க்க எளிமையாக இருப்பது வேறு, பழுது பார்க்க எளிமையாக இருப்பது வேறு. கடைக்காரர் முதலாவதைத்தான் காட்டுவார். இரண்டாவதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பாணி குழாயின் பிறப்பிடம் டென்மார்க். வெர்னர் ஓவர்கார்ட் என்ற தொழிலதிபர், குழாயின் உறுப்புகளை எல்லாம் சுவருக்குள் வைத்துவிட்டு, கைப்பிடியும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தால் போதும் என்று யோசித்தார். கோபன்ஹேகனில் அந்நாட்டுத் தேசிய வங்கியை வடிவமைத்த ஆர்னே யாக்கப்சன் அதற்கு உருவம் கொடுத்தார். 1968இல் வோலா என்ற பெயரில் அது வெளிவந்தது. நம் கடைகளில் இன்று தொங்குபவை பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளைகள். வோலா தன் பழைய குழாய்களுக்கும் உதிரி பாகம் தருகிறது. நகல் எடுத்தவர்களில் பலர் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் இது ஏன் முக்கியம் என்றால், தண்ணீர். காவிரி வராத நாளில் போர்வெல், அதுவும் போதாவிட்டால் டேங்கர். இந்தக் கடின நீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்பு போகும் வழியெல்லாம் படியும். பழைய திருகு குழாயில் சில ரூபாய் வாஷரை மாற்றினால் ஒழுகல் நிற்கும். கால் சுற்றில் திறக்கும் புதுக் குழாயில் இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர்கின்றன. நல்ல தண்ணீரில் அவை நீண்ட நாள் உழைக்கும். மணலும் உப்பும் இடையில் புகுந்தால் கீறல் விழும். அப்போது அந்தக் கார்ட்ரிட்ஜையே முழுதாக மாற்ற வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அதன் அளவு வேறு. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சுவருக்குள் வைத்த டைவர்ட்டர் ஒழுகியது. அந்த மாடல் நின்றுபோயிருந்தது. எட்டு டைல்ஸை உடைத்தார்கள். அதே நிறம் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆகவே கடையில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: கைப்பிடியையும் தட்டையும் கழற்றினால் கார்ட்ரிட்ஜ் முன்பக்கமாகவே வெளியே வருமா? கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வாங்கும்போதே இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். ஒரு பெட்டி டைல்ஸும் பரணில் இருக்கட்டும். சுவருக்குள் வைக்கும் ஃபிளஷ் தொட்டிக்கும் இதே விதிதான். பட்டன் தட்டைக் கழற்றினால் உள்ளே கை போய் வால்வை எடுக்க முடியவேண்டும்.

அடுத்தது அழுத்தம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். கடைசி மாடிக் குளியலறையில், ஷவருக்கு மேல் தொட்டித் தண்ணீர் இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று வையுங்கள், கிடைப்பது 0.2 பார். அகலமான மழை ஷவர்கள் பலவற்றுக்குக் குறைந்தது அரை அல்லது ஒரு பார் வேண்டும். பெட்டியிலோ விவரத் தாளிலோ அது அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் மழைக்குப் பதில் தூறல்தான், அல்லது பம்பு வாங்க வேண்டும். பம்பு வந்தால் கரண்ட், சத்தம், இன்னொரு பழுது.

பொருளைப் பற்றிக் கொஞ்சம். பளபளக்கும் குரோம் பூச்சுக்கு அடியில் பித்தளையா, துத்தநாகக் கலவையா என்று பார்வையில் தெரியாது. கையில் எடுத்துப் பாருங்கள், பித்தளை கனக்கும். பில்லிலும் எழுதி வாங்குங்கள். ஸ்டீல் சிங்க், கீல் வாங்கும்போது சிலர் காந்தம் எடுத்துப் போகிறார்கள். 304, 202 இரண்டிலுமே காந்தம் அநேகமாக ஒட்டாது. எனவே அந்தச் சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. 304இல் நிக்கல் சுமார் எட்டு சதம். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்ப்பார்கள், துரு சீக்கிரம் பிடிக்கும்.

தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்த 2024 மார்ச்சில், வணிக நிறுவனங்கள், அடுக்ககங்கள் முதலியவற்றின் குழாய்களில் ஏரேட்டர் கட்டாயம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. தனி வீட்டுக்கும் அது நல்லதே. ஆனால் அதன் வலையில் உப்பு அடைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைக்க வேண்டும். சில மெல்லிய குழாய்களில் ஏரேட்டர் உள்ளே மறைந்திருக்கும், தனிச் சாவி இல்லாமல் வராது. அந்தச் சாவியைக் கேட்டு வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உருண்டையான வழவழ கைப்பிடி வேண்டாம். சோப்புக் கையில் அது சுழலாது, மூட்டுவலிக் கையில் அறவே சுழலாது. நீளமான லீவர் முழங்கையாலும் திறக்கும். கைப்பிடியே இல்லாத அலமாரிக் கதவுகள் பற்றியும் இதே கருத்துதான் எனக்கு. என் மனைவிக்கு இன்னும் கடுமையான கருத்து.

கொத்தனார் டைல்ஸ் ஒட்டுமுன் இரண்டு வேலை பாக்கி. எல்லா முனைகளையும் அடைத்து, கைப்பம்பால் குழாய்க்குள் அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு சுவரிலும் டேப்பைப் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் குழாய் எத்தனை அங்குலம் என்று தெரியும்படி படம் எடுங்கள். அந்தப் படங்களை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பத்து வருடம் கழித்துக் கண்ணாடி மாட்ட வரும் ஆள் ஆணியை எங்கே அடிப்பார் என்பது யாருக்கும் தெரியாது.