தொண்டமான்: வாக்கிழந்த மக்களின் தலைவர்

சௌமியமூர்த்தி தொண்டமான் 1913 ஆகஸ்ட் 30ஆம் திகதி, தமிழ்நாட்டின் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து மூனாப்புதூரில் பிறந்தார். தந்தை கருப்பையா இலங்கைக்குத் தொழிலாளியாக வந்து, கங்காணியாகி, இறம்பொடையில் வெவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில் படித்த மகன் தோட்ட முதலாளியாகத்தான் வளர்ந்தார். லயங்களில் வாழும் தோட்டத் தொழிலாளருக்கு முதலாளி எப்படித் தலைவராகலாம் என்று எதிரணியினர் கடைசிவரை கேட்டனர். ஆனால் வெள்ளைத் துரைமாரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து பேசும் துணிவும் அந்தப் பின்னணியிலிருந்தே வந்தது.

1939இல் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. கம்பளைக் கிளையில் பணியைத் தொடங்கிய தொண்டமான் 1945இல் காங்கிரஸின் தலைவரானார். 1947 தேர்தலில் நுவரெலியாவில் வென்று நாடாளுமன்றம் போனார், தலவாக்கலையில் அதே காங்கிரஸின் சி.வி. வேலுப்பிள்ளை வென்றார்.

மறு ஆண்டே, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 சட்டமோ, பிரஜாவுரிமை கோருவோரில் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. விடிந்ததும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலையேறும் குடும்பம் அதற்கான கடதாசிகளை எங்கே தேடும்? வாக்குரிமையும் பறிபோனது. 1952இல் காங்கிரஸ் நடத்திய சத்தியாக்கிரகமும் சட்டத்தை மாற்றவில்லை.

வாக்கு போன பின் எஞ்சியது கொழுந்து பறிக்கும் கைகளின் பலம் மட்டுமே. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறிய அமைப்பு அதை நம்பித்தான் நின்றது. அதற்குள்ளும் பிளவு வந்தது. காங்கிரஸின் மற்றொரு தலைவரான அப்துல் அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். 1956இல் அக்கரப்பத்தனையை அடுத்த டயகமவில் நடந்த தோட்டத் தொழிலாளர் போராட்டத்தில் எப்ராம் சிங்கோ என்ற சிங்களத் தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

1960இலும் 1965இலும் தொண்டமான் நியமன உறுப்பினராகவே நாடாளுமன்றத்தில் இருந்தார். இதற்கிடையே, 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றோரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என இரு அரசுகளும் பங்கு பிரித்தன; அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

1972இல் வடக்குத் தமிழ்த் தலைவர்களான செல்வநாயகம், ஜி.ஜி. பொன்னம்பலம் ஆகியோரோடு தமிழர் கூட்டணியின் இணைத்தலைவரானாலும், தனிநாட்டுக் கோரிக்கையோடு அவர் சேர்ந்து போகவில்லை. மலையக மக்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழ்பவர்கள் என்பதை அவர் மறக்கவில்லை. அந்தக் கணக்கில் நியாயம் இருந்தது. 1977இல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் மூன்றாமவராகத் தெரிவானார். 1978இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அவரை அமைச்சராக்கினார். அமைச்சரவையில் இருந்துகொண்டே 1984இல் வேலைநிறுத்தம் நடத்தி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் பெற்றுக்கொடுத்தார். 1986 தைப்பொங்கலன்று பிரஜாவுரிமை கோரிப் பிரார்த்தனைப் போராட்டத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டிலும் 1988இலும் வந்த சட்டங்கள் நாடற்றிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கின.

அடுத்தடுத்த அரசுகளிலும் அமைச்சராகத் தொடர்ந்த அவர், 1999 அக்டோபர் 30ஆம் திகதி காலமானார். காங்கிரஸின் தலைமை பேரன் ஆறுமுகன் தொண்டமானிடம் சென்றது.