இரண்டாம் முறை கடல் கடந்தவர்கள்

ஒருமுறை வெளிநாட்டுப் போர்முனைக்குப் போய் வந்த சிப்பாய்க்கு இரண்டாம் முறை எல்லாம் பழகிப் போயிருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். கப்பல், கூடாரம், அளந்து போடும் சாப்பாடு, தாமதமாக வரும் கடிதம் எதுவும் அவருக்குப் புதிதல்ல என்பது உண்மைதான். ஆனால் அவர் போகும் இடம் புதிது. முதல் முறை தெரியாத பயம். இரண்டாம் முறை தெரிந்த பயம். ஒடுக்கப்பட்ட மக்களின் ராணுவ வரலாற்றைப் புரட்டினால் இது விளங்கும்.

தேவைப்பட்டபோது திறந்த கதவு

திருச்சிக்கும் படைக்கும் உறவு பழையது. 1752-ல் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது ஸ்ரீரங்கத்தில்தான். கம்பெனியின் மெட்ராஸ் படையில் பறையர் சமூகத்தினர் கணிசமாகச் சேர்ந்தனர். நிலம் இல்லாதவருக்கு மாதச் சம்பளமும், சேரியில் பிறந்தவருக்குச் சீருடையும் தந்த வேலைகள் அன்று மிகக் குறைவு.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிறப்பை வைத்து வீரத்தை அளக்கும் 'போர்க்குடிகள்' கொள்கை வந்தது. தளபதி ராபர்ட்ஸ் போன்றவர்கள் தென்னிந்தியரை மட்டமாக மதிப்பிட்டனர். மெட்ராஸ் படைப்பிரிவுகள் குறைக்கப்பட்டன. எஞ்சியவற்றில், துப்பாக்கியும் ஏந்தி, சாலை போட்டு, பதுங்குகுழியும் வெட்டிய பயனியர் படைகள் ஆதிதிராவிடருக்கு இடம் தந்தன. 1-வது மெட்ராஸ் பயனியர்ஸ் 1900-ல் சீனப் போருக்குப் போனது. அதே படை, 61-வது பயனியர்ஸ் என்ற புதுப் பெயருடன், 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கரையில் இறங்கியது. போர் முடிந்து, 1933-ல் பயனியர் படையையே கலைத்துவிட்டார்கள்.

ஆறே ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் வந்தது. மூடிய கதவு மறுபடி திறந்தது. கடைசியில் 25 லட்சம் பேரைத் தொட்ட இந்தியப் படைக்கு மெட்ராஸ் மாகாணத்திலும் பெருந்திரளாக ஆள் எடுத்தார்கள். வேலை முடிந்ததும் கைவிடப்பட்ட மக்களுக்கு வந்த இரண்டாவது அழைப்பு அது.

மணலிலிருந்து சேற்றுக்கு

அந்தப் போரில் 4-வது இந்திய டிவிஷனுடன் மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகளும் போயின. பாலம் கட்டுவதும் கண்ணிவெடி எடுப்பதும் இவர்கள் வேலை. முதலில் வட ஆப்பிரிக்கப் பாலைவனம். பகலில் வெயில், இரவில் குளிர், சோற்றில் மணல், எங்கும் ஈ. காவிரியும் கொள்ளிடமும் பாயும் மண்ணில் வளர்ந்த ஒருவர், குடிக்கவும் முகம் கழுவவும் அளந்து ஊற்றிய தண்ணீரில் நாளை ஓட்டவேண்டும்.

1943 மே மாதம் ஆப்பிரிக்கப் போர் முடிந்தது. ஊர் திரும்பலாம் என்று ஏங்கியவர்களுக்கு அடுத்த உத்தரவு இத்தாலி. அங்கே மழை, சேறு, மலைப்பனி. பாலைவனத்தில் கற்ற பல பாடங்கள் அங்கே உதவவில்லை. கண்ணி தேடும் கருவி இரும்பு இருந்தால் ஒலி கொடுக்கும். ஜெர்மானியர் மரப்பெட்டியில் செய்து புதைத்த கண்ணிகளில் இரும்பு மிகக் குறைவு. கருவி பேசாமல் இருந்துவிடும். அனுபவசாலியும் கத்தி முனையால் மண்ணைக் குத்திக் குத்தி, முதல் நாள் மாணவனைப் போலத் தொடங்கவேண்டும். இரண்டாம் முறை போகிறவருக்குப் பெரிய ஆபத்து, 'எனக்குத் தெரியும்' என்ற நினைப்புதான்.

1944 பிப்ரவரி 24 அன்று மினியானோ அருகே 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனியின் சுபேதார் சுப்பிரமணியன், கண்ணியிலிருந்து உடனிருந்தவர்களைக் காக்கத் தன் உடலையே கேடயமாக்கி உயிர் விட்டார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லவேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸில் பல சாதியாரும் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். ஒருவர் கட்டிய பாலத்தில் எல்லோரும் நடந்தார்கள். அந்த வாழ்க்கைக்குப் பழகியவர் ஊர் திரும்பித் தனிக் குவளையைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்? போர்முனைக்குப் பழகுவதைவிட ஊருக்கு மறுபடி பழகுவது கடினமாக இருந்திருக்கும். 1944-ல் இத்தாலியில் ரத்தம் சிந்தியவருக்கும், ஸ்ரீரங்கம் கோயில் உள்பட மாகாணத்தின் எந்தக் கோயிலிலும் நுழையும் உரிமையைச் சட்டம் கொடுத்தது 1947-ல்தான்.

இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் ஐ.நா. அமைதிப்படையில் லெபனானுக்கும் தெற்கு சூடானுக்கும் போகலாம். வீடியோவில் பேசலாம். ஆனாலும் 'போன தடவையே சமாளித்தாயே' என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. வீடும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழகவேண்டியிருக்கிறது.

பெயரைத் தேடுவோம்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. போனவர் எத்தனை, மாண்டவர் எத்தனை என்று அந்தக் கல் சொல்கிறது. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் பெயரும் ஊரும் தெருவும் இருக்கின்றன. இந்தியர், ஆப்பிரிக்கர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

மாணவர்கள் இதில் இறங்கலாம். அந்த ஆணையத்தின் இணையதளத்தில் மாண்ட வீரர்களின் பதிவுகளை இலவசமாகத் தேடலாம். சில பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் உண்டு. திருச்சியை 'டிரிச்சினாபோலி' என்ற பழைய ஆங்கில எழுத்தில் தேடவேண்டும். வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் வீரரின் பெயரும் படையும் பொறித்திருக்கும். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைச் செல்லரிக்க விடாதீர்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டிமார்களிடம் கேட்டு எழுதுங்கள்.

இருமுறை அழைக்கப்பட்டு இருமுறையும் மறக்கப்பட்டவர்களுக்கு நாம் செய்யவேண்டிய முதல் மரியாதை, அவர்கள் பெயரைச் சொல்வதுதான்.