தொலைவிலிருந்து கண் பார்த்தல்: தேனிப் பார்வை மையங்களும் இணையவழி மருத்துவ ஆலோசனையும்

உடலில் ஓர் அறிகுறி தோன்றியதும் அதனைக் கைப்பேசியில் தேடுவதும், ஆய்வகம் தந்த தாளைப் படமெடுத்து அனுப்பி விளக்கம் கேட்பதும் இன்று பரவலான வழக்கங்கள். இவ்வழக்கம் ஊன்றுவதற்கு முன்பே, தொலைவிலுள்ள மருத்துவரிடம் இணைப்பின் வழியே ஆலோசனை பெறும் முறை தேனி மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதனையும் இன்றைய வழக்கத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளை 1985இல் ஏற்பட்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்களும் இன்டெல் நிறுவனமும் உருவாக்கிய நெடுந்தொலைவு வைஃபை இணைப்பால், 2006 அளவில் இக்கிளை ஐந்து பார்வை மையங்களுடன் இணைக்கப்பட்டது. ஒரே திசை நோக்கிய அலைவாங்கிகளை உயரத்தில் பொருத்தி, மென்பொருளையும் மாற்றியமைத்ததால், விலை குறைந்த வைஃபை கருவிகளே பல கிலோமீட்டர் தொலைவுக்கு நிகழ்படத்தைக் கொண்டுசென்றன.

எனினும் இம்முறையின் வலிமை இணைப்பில் மட்டும் இல்லை. மையத்திற்கு வருபவரின் பார்வைத்திறனையும் கண்ணழுத்தத்தையும் பயிற்சி பெற்ற பணியாளர் அளக்கிறார். ஸ்லிட் லாம்ப் கருவியால் கண்ணின் முன்பகுதியைப் பார்த்துப் படமெடுக்கிறார். இவை தேனிக்குச் சென்ற பின்னரே மருத்துவர் திரையில் நோயாளியுடன் பேசுகிறார். அதாவது, நோயாளியின் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சோதனையும் உடன் செல்கிறது.

இதன் தேவையை ஒரு சிவந்த கண்ணே காட்டும். கம்பம் பள்ளத்தாக்கு நெல் விளையும் நிலம். அறுவடையில் உமியோ தாளோ கீறிய கண்ணில் பூஞ்சை தொற்றிக் கருவிழிப் புண் உண்டாகலாம். கண் சிவப்பு, உறுத்தல், நீர்வடிதல் என்று நோயாளி சொல்லும் சொற்கள் ‘மெட்ராஸ் ஐ’க்கும் அப்படியே பொருந்தும். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் தானாகத் தணிவது. பூஞ்சைப் புண்ணோ பார்வையைப் பறிக்கவல்லது. கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பைத் தணித்து, தொற்றை உள்ளே வளர்த்துவிடும்.

அறிகுறி மட்டுமன்று, எண்ணும் தனித்து நின்றால் மயக்கும். கண்ணழுத்தத்திற்கு 21 மில்லிமீட்டர் பாதரசம் வழக்கமான மேல்வரம்பாகக் கொள்ளப்படுகிறது. அதற்குக் கீழிருந்தும் குளுக்கோமாவால் பார்வை நரம்பு பழுதுறுவோர் உளர். அதனைக் கடந்தும் பழுதுறாதோர் உளர். ஆய்வுத்தாளில் அடைப்புக்குறிக்குள் அச்சிடப்படும் இயல்பு வரம்பை மட்டும் கண்டு அஞ்சுவோரும் ஆறுதல் கொள்வோரும் ஒரே பிழையையே செய்கின்றனர்.

2020 மார்ச் 25 அன்று வெளிவந்த இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகள், நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே சுகாதாரப் பணியாளர் நின்று உதவும் ஆலோசனையைத் தனி வகையாக ஏற்றுள்ளன. செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் தாமே நோயாளிக்கு ஆலோசனை கூறுவதற்கோ மருந்து எழுதுவதற்கோ அவை இடந்தரவில்லை.

மையத்து ஏற்பாட்டிற்கும் எல்லை உண்டு. கருவிழியில் பூஞ்சைப் புண் என்ற ஐயம் எழுந்தால், புண்ணைச் சுரண்டியெடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் காண வேண்டும். அதற்கு நோயாளி பேருந்தேறி மருத்துவமனைக்கே செல்கிறார்.