கைப்பேசிக்கும் ஒரு பேரேடு

சங்கத்துக் கைரொக்கத்தில் பத்து ரூபாய் குறைந்தால் எல்லோருடைய கண்களும் முதலில் குமாஸ்தாவின் பக்கம் திரும்புவது வழக்கம். நூல் எடையில் குறைவு நேர்ந்தால் பழி தறிகாரர் தலையில் விழும். பேரேட்டையும் சிட்டாவையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே, பதிய மறந்துபோன ஏதோ ஒரு ரசீதினால் வந்த குறைவு அது என்பது வெளிப்படும். கணக்கைப் பார்க்கு முன்னர் ஆளைப் பழிக்கலாகாது என்பது தணிக்கைப் பணியில் நாம் கற்ற முதற் பாடம். அப்பாடம் கைப்பேசிக்கும் பொருந்தும் என்பதை அண்மையில் ஒண்டிக்கடையில் கண்டோம்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏரியை அணுகினால், சாலைகள் கூடும் இடமாக ஒண்டிக்கடை அமைந்திருக்கிறது. பெயர் ஒற்றைக் கடையைச் சொன்னபோதிலும் இன்று அங்கே கடைகள் பல. அவற்றுள் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தபோது, சிறு காப்பித் தோட்டமும் சில மிளகுக் கொடிகளும் உடைய அங்கத்தினர் ஒருவர் தம் மகளுடன் நம்மிடம் வந்தார்.

“ஐயா, நாளுக்கு ஒன்றரை ஜி.பி. என்று பணம் கட்டுகிறேன். காலை எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துபோய்விடுகிறது. காப்பி விலை பார்க்கவும் முடியவில்லை. எல்லாம் இவள் வேலை. பாடம் என்று சொல்லிப் படம் பார்க்கிறாள்” என்று குறைப்பட்டுக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அப்பெண் தலைகுனிந்து நின்றாள்.

“இப்பொழுது கைப்பேசி யாரிடம் இருக்கிறது?” என்று வினவினோம்.

“நான்கு நாட்களாக என்னிடந்தான். இவளைத் தொட விடவில்லை.”

“இந்த நான்கு நாட்களில் டேட்டா மிஞ்சியதோ?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. “இல்லை, ஐயா. அதே எட்டு மணிதான்” என்றார் மெல்ல.

கணக்கு எங்கே இருக்கிறது?

கைப்பேசி தன் செலவைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது என்பதைப் பலர் அறியார். ‘செட்டிங்ஸ்’ என்னும் அமைப்புகளைத் திறந்து, இணையத் தொடர்பு அல்லது சிம் பற்றிய பகுதிக்குள் சென்றால் ‘டேட்டா உபயோகம்’ என்ற பக்கம் கிடைக்கும். கைப்பேசிக்குக் கைப்பேசி பெயர் சிறிது மாறலாம்; பக்கம் இல்லாத கைப்பேசி அரிது. அதில் ஒவ்வொரு செயலியும் எவ்வளவு டேட்டாவைச் செலவழித்தது என்பது பெரிய செலவு முதலாக வரிசையாக நிற்கும். ஒரு செயலியின் பெயரைத் தொட்டால் அச்செலவு இரண்டாகப் பிரிந்து தெரியும். நாம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆனது ஒன்று. நாம் பாராதபோது பின்புலத்தில் ஆனது மற்றொன்று.

அப்பக்கத்தை அவர் முன்னிலையிலேயே திறந்தோம். காணொளிச் செயலி மூன்றாம் இடத்தில், சிறு தொகையுடன் நின்றது. முதலிடத்தில் இருந்தது புகைப்படங்களைச் சேமிக்கும் செயலி. அதன் செலவு ஏறக்குறைய முழுவதும் பின்புலச் செலவு.

காரணம் விளங்கிற்று. சென்ற மே மாதத்தில் நடந்த சேர்வராயன் கோயில் திருவிழாவை அவர் தம் கைப்பேசியில் நெடுநேரம் படமெடுத்திருந்தார். நல்ல தெளிவில் எடுக்கப்படும் காணொளி, நிமிடம் ஒன்றுக்கு 100 எம்.பி.க்கு மேலும் இடம் கொள்ளக்கூடியது. எப்பொழுதோ கைப்பேசி கேட்ட ஒரு கேள்விக்குச் ‘சம்மதம்’ என்று தொட்டுவிட்டபடியால், அப்படங்கள் யாவும் மொபைல் டேட்டா வழியாகவே இணையச் சேமிப்பகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன. நள்ளிரவு 12 மணிக்குப் புதிய நாளின் டேட்டா வரவாகிறது. கைப்பேசியோ அந்நேரத்தில் மின்னேற்றத்தில் கிடக்கிறது. வீடு உறங்கும்போது படங்கள் ஏறுகின்றன. விடிவதற்குள் அளவு தீர்கிறது. எஞ்சிய படங்கள் அடுத்த நள்ளிரவுக்குக் காத்திருக்கின்றன.

செலவழித்தவர் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கசியும் வழிகள்

இது ஓர் உதாரணந்தான். வேறு வழிகளும் உள. முதலாவது காணொளி. உயர்ந்த தெளிவில், அதாவது 720 என்ற அளவில், ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 1 ஜி.பி. செலவாகும். தெளிவை 360க்குக் குறைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஆகும். பாடம் கேட்க இத்தெளிவு போதுமானது. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடும் ஏற்பாட்டையும் நிறுத்திவிடுதல் நலம்.

இரண்டாவது வாட்ஸ்அப். பத்துக் குழுக்களில் அங்கம் வகிப்பவருக்குக் காலை வணக்கப் படங்களே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதன் அமைப்புகளில் ‘சேமிப்பகமும் டேட்டாவும்’ என்ற பகுதியில், மொபைல் டேட்டாவில் தானாக இறங்க வேண்டியவை எவை என்று கேட்கப்பட்டிருக்கும். படம், ஒலி, காணொளி, ஆவணம் ஆகிய நான்கின் குறிகளையும் எடுத்துவிட்டால், நாம் தொட்டவை மட்டுமே இறங்கும்.

மூன்றாவது செயலிகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளுதல். பிளே ஸ்டோரின் அமைப்புகளில் ‘வைஃபை இருந்தால் மட்டும்’ என்று மாற்றிக்கொள்ளலாம். புகைப்படச் சேமிப்புக்கும் இவ்விதியே. அந்த அங்கத்தினரின் கைப்பேசியில் நாம் செய்ததும் இதுதான்.

நான்காவது, வைஃபை உள்ளவர்களுக்கு நேர்வது. வைஃபை நலிந்தால் கைப்பேசி சொல்லாமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவும் ஏற்பாடு பல கைப்பேசிகளில் உண்டு. வைஃபையில் இருப்பதாக எண்ணிப் பார்க்கும் காணொளி, மொபைல் கணக்கில் ஏறிவிடும். ஐந்தாவது, பிறருக்குப் பகிரும் ‘ஹாட்ஸ்பாட்’. கடவுச்சொல் இல்லாமல் அதைத் திறந்து விடுவது, நூல் கிடங்கைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதை ஒக்கும்.

பட்டியலில் நாம் அறியாத செயலி ஒன்று மேலே நின்றால், அலட்சியம் கூடாது. அரசு உதவித் திட்டங்களின் பெயராலும் வங்கிகளின் பெயராலும் போலிச் செயலிகள் வாட்ஸ்அப் மூலம் அனுப்பப்படுகின்றன. அவை திருடுவது டேட்டாவோடு நில்லாது. வங்கிப் பணத்துக்கும் ஆபத்து உண்டு. அத்தகைய செயலியை உடனே நீக்க வேண்டும். பணம் போயிருப்பின் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

வரம்பும் முறையீடும்

டேட்டா உபயோகப் பக்கத்திலேயே, இத்தனை செலவானதும் எச்சரிக்கை செய், இத்தனையானதும் நிறுத்திவிடு என்று வரம்பு கட்டலாம். கணக்கு தொடங்கும் தேதியை நாம் ரீசார்ஜ் செய்த தேதியுடன் பொருத்திக்கொள்ள வேண்டும். ‘டேட்டா சேவர்’ என்னும் சிக்கன ஏற்பாட்டை இயக்கினால் பின்புலச் செலவு பெரும்பாலும் அடங்கும். அவசியமான செயலிக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். இரவில் மொபைல் டேட்டாவையே நிறுத்திவிட்டு உறங்குவது எல்லாவற்றினும் எளிது.

கைப்பேசியின் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் சிறிது வேறுபடுவது இயல்பு. இருவரும் எண்ணும் முறை வேறு. ஆனால் வேறுபாடு பெரிதாயின் வாளாவிருத்தல் ஆகாது. 198 என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் புகார் எண், கட்டணமில்லை. புகார் செய்ததும் அதற்குரிய பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பதில் திருப்தியளிக்காவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு எண் இல்லாத புகார், ரசீது இல்லாத வரவு போன்றதே.

1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு சென்றபோது, நிமிடந்தோறும் காசு எண்ணிப் பேசினார்கள். இன்று நாளுக்கு இவ்வளவு என்று அளந்து தருவதால் எண்ணும் பழக்கம் நம்மை விட்டு அகன்றது. ஆனால் தீர்ந்தபின் போடும் கூடுதல் ரீசார்ஜ் மாதத்தில் சில முறை நேர்ந்தால், அது சங்கத்தில் ஒரு மாதச் சிறுசேமிப்பாகியிருக்கக்கூடிய தொகை. பணத்தினும் பெரிய நட்டம் ஒன்றும் உண்டு. அந்த நான்கு நாட்களும் அப்பெண் பாடம் கேட்கவில்லை.

அவர் கைப்பேசியை வாங்கிச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மகளிடம் நீட்டினார். அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. “படங்களை அழித்துவிடாதீர்கள் அப்பா. பள்ளியில் வைஃபை இருக்கிறது. அங்கே ஏற்றித் தருகிறேன்” என்று சொல்லிய பின்பே கை நீட்டினாள்.

அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறையேனும் தம் கைப்பேசியின் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டுகிறோம். பார்க்கத் தெரியாதவர்களுக்குச் சங்கக் கூட்டத்தன்று பத்து நிமிடம் ஒதுக்கிக் காட்டித்தருமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டிலுள்ளோர்மீது குறை கூறுவதற்கு முன்னர் இதைச் செய்வது சாலச் சிறந்தது.